மேனேஜரை மாற்றாமல் வைத்திருந்தால் கிளப்புக்கு உண்மையில் என்ன லாபம்?

ஸ்ட்ரெட்ஃபோர்டு_சரவணன்:

மான்செஸ்டர் யுனைடெட்ல ஒவ்வொரு மேனேஜர் போகும்போதும் ரெண்டு கட்சி கிளம்பிடுது. ஒரு கட்சி, "ஃபெர்குசனுக்கு முதல் கோப்பை வரவே மூணரை வருஷம் ஆச்சு, அன்னிக்குப் பொறுத்ததாலதான் 38 கோப்பை வந்துச்சு, இவங்களுக்கும் டைம் கொடுங்க"ன்னு சொல்லும். இன்னொரு கட்சி, "செல்சி ஆளை மாத்தி மாத்தியே சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சான், பொறுமையாவது மண்ணாவது"ன்னு சொல்லும்.

2013ல ஃபெர்குசன் போனதுக்கு அப்புறம் நிரந்தரமா வந்தவங்க மட்டும் ஆறு பேர்: மோயஸ், வான் ஹால், மொரீனியோ, சோல்ஷேர், டென் ஹாக், அமோரிம். ராங்னிக் மாதிரி இடைக்கால ஆட்கள் தனிக் கணக்கு. அமோரிம் 2024 நவம்பர்ல வந்து 2026 ஜனவரியில போயிட்டார். 14 மாசம்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். மேனேஜர் மாறினா கிளப்புக்குள்ள எது எது உடையுது? புது ஆள் வந்ததும் வரிசையா நாலு மேட்ச் ஜெயிக்கிறாங்களே, அது நிஜமா, கண்கட்டா? ஒரு போர்டு எதை வச்சுப் பொறுக்கணும், எதை வச்சு அனுப்பணும்? வசவு வேண்டாம். விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க.

---

டச்லைன்_தாஸ்:

முதல்ல ஃபெர்குசன் கதையில ஒரு திருத்தம். 26 வருஷம் அசையாம இருந்தது அவர் ஒருத்தர்தான். அவருக்குக் கீழே நம்பர் டூ, அதாவது துணைப் பயிற்சியாளர், மாறிக்கிட்டே இருந்தார். ஆர்ச்சி நாக்ஸ், 1991ல பிரையன் கிட், 1999ல ஸ்டீவ் மெக்லாரன், 2002ல கார்லோஸ் கீரோஸ், அவர் ஒரு வருஷம் ரியல் மாட்ரிட் போயிட்டுத் திரும்பி வந்து 2008 வரைக்கும், கடைசியா மைக் ஃபெலன். தினமும் காலையில மைதானத்துல இறங்கிப் பயிற்சியை நடத்தினது பெரும்பாலும் இவங்கதான். அதாவது பயிற்சி முறை சில வருஷத்துக்கு ஒரு தடவை புதுசாச்சு. யாரை வாங்குறது, யாரை எப்போ விக்கிறது, யாருக்கு எவ்வளவு கயிறு விடுறதுங்கிற முடிவுகள் மட்டும் ஒரே கையில இருந்தது. "ஸ்திரத்தன்மை"ன்னு நாம சொல்றது இந்த ரெண்டாவது பகுதியைத்தான். ஒரே முகம் பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறதை இல்ல.

அதனாலதான் 2013 அவ்வளவு மோசமா உடைஞ்சுது. ஃபெர்குசன் போன அதே கோடையில தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் போயிட்டார். டிரான்ஸ்பர் பேரம் அதுவரைக்கும் நடத்தாத எட் வுட்வர்டு அந்த நாற்காலிக்கு வந்தார். மோயஸ் வந்ததும் எவர்டன்ல தன்கூட இருந்த ஸ்டீவ் ரவுண்டையும், கீப்பர் கோச் கிறிஸ் வுட்ஸையும் கூட்டிட்டு வந்தார். ஃபெலன், மியூலன்ஸ்டீன், கீப்பர் கோச் எரிக் ஸ்டீல் மூணு பேரும் வெளியே. 11 பாயிண்ட் வித்தியாசத்துல டைட்டில் ஜெயிச்ச டீம். அடுத்த ஜூலையில அந்த டீமுக்குப் பயிற்சி கொடுத்த இந்த மூணு பேரும் பக்கத்துல இல்ல.

விளைவை ஒரே ஒரு ரசீதுல பார்க்கலாம். எவர்டன் மிட்ஃபீல்டர் ஃபெல்லைனியோட ரிலீஸ் கிளாஸ் (இந்தத் தொகையைக் கொடுத்தா கிளப் ஆளை விட்டே ஆகணும்கிற காண்ட்ராக்ட் விதி) 2.35 கோடி பவுண்டு, ஜூலை 31 வரைக்கும்தான் செல்லும். யுனைடெட் அந்தத் தேதியைத் தவறவிட்டு, டிரான்ஸ்பர் விண்டோ (ஆள் வாங்க, விக்க அனுமதிக்கிற காலம்) மூடுற நாள்ல 2.75 கோடி கொடுத்து வாங்கினாங்க. அதே ஆளுக்கு ஒரே மாசத்துல 40 லட்சம் பவுண்டு கூடுதல். அந்தக் கோடையில வந்த ஒரே பெரிய வரவும் அவர்தான். மோயஸுக்குக் கொடுத்தது ஆறு வருஷ காண்ட்ராக்ட். அடுத்த ஏப்ரல் 22ல வேலை போச்சு.

இப்போ அமோரிம். மைதானத்துக்குள்ள எது உடையுதுன்னு இதுல தெளிவாத் தெரியும். டென் ஹாக் ஆடினது நாலு டிஃபெண்டர் வச்ச 4-2-3-1 (பின்னாடியிருந்து முன்னாடி எத்தனை பேர் வரிசையா நிக்கிறாங்கங்கிற கணக்கு). அமோரிமோடது 3-4-2-1. பேப்பர்ல ஒரு கோடு நகர்த்துற மாதிரிதான் இருக்கும். களத்துல எதிரணி ஃபுல்பேக் (ஓரத்து டிஃபெண்டர்) கையில, மன்னிக்கணும், கால்ல பந்து கிடைக்குதுன்னு வச்சுக்கோங்க. 4-2-3-1ல அவன் மேல பாயுறது விங்கர், அதாவது ஓரத்துல ஆடுற அட்டாக்கர். பின்னாடி நாலு பேர் கோடு கலையாது. 3-4-2-1ல விங்கரே கிடையாது. ஓரம் முழுக்க டிஃபென்ஸும் அட்டாக்கும் பார்க்கிற விங்பேக் பாயணும். விங்பேக் 20 மீட்டர் முன்னாடி போனா அவன் விட்ட இடத்துக்கு அந்தப் பக்க சென்டர்பேக் (நடு டிஃபெண்டர்) அகலமா நகரணும், மற்ற ரெண்டு பேரும் அவன் பின்னாடியே சரியணும், எதிர்ப்பக்க விங்பேக் ஓடி வந்து நாலாவது ஆளா நிக்கணும். நாலு பேர் ஒரே சமயத்துல நகர வேண்டிய அசைவு இது. ஒருத்தன் அரை நொடி யோசிச்சா, விங்பேக்குக்கும் சென்டர்பேக்குக்கும் நடுவுல ஒரு லாரி போற அளவுக்கு வழி. இதை வாயால சொல்லி வரவைக்க முடியாது. திரும்பத் திரும்ப மைதானத்துல நடந்து நடந்துதான் காலுக்குப் பழகும்.

அதுக்கு நேரம் எங்கே இருக்கு? சனிக்கு சனி ஆட்டம்னா: ஞாயிறு ஓய்வுப் பயிற்சி, திங்கள் லீவு, செவ்வாய் புதன் கனமான பயிற்சி, வியாழன் குறைப்பாங்க, வெள்ளி செட்பீஸ் (கார்னர், ஃப்ரீகிக் மாதிரி), அவ்வளவுதான். ஒரு வாரத்துக்கு ரெண்டு முழுப் பயிற்சி. நடுவுல வியாழன் யூரோப்பா லீக் வந்தா அந்த ரெண்டும் காலி. அமோரிம் வேலையில சேர்ந்தது இன்டர்நேஷனல் பிரேக்ல, பாதிப் பேர் நாட்டுக்கு ஆடப் போன சமயம். நவம்பர் 24 இப்ஸ்விச்ல ஆரம்பிச்சு டிசம்பர் 30 வரைக்கும் 37 நாள்ல 11 மேட்ச். ஆட்டம், ரிக்கவரி, வீடியோ, ஆட்டம். கத்துக்கொடுக்க நாளே இல்ல.

ஆளும் இல்ல. இடது விங்பேக்குக்குன்னு பழகின ஆள் கிடையாது. விங்கர்களா வளர்ந்தவங்களுக்கு அந்த அமைப்புல இடம் இல்ல: 2025 ஜனவரி விண்டோவுல ராஷ்ஃபோர்டு ஆஸ்டன் வில்லாவுக்கும், ஆன்டனி ஸ்பெயினோட பெட்டிஸுக்கும் லோன்ல போனாங்க. இத்தாலி கிளப் லெச்சேவிலிருந்து டோர்கு விங்பேக்கா வந்தார். சீசன் முடியும்போது 42 பாயிண்ட், 15ஆவது இடம், பில்பாவ்ல நடந்த யூரோப்பா லீக் ஃபைனல்ல டாட்டன்ஹாம்கிட்ட 1-0 தோல்வி. அடுத்த கோடையில குன்யாவையும் எம்பெமோவையும் ஸ்டிரைக்கருக்குப் பின்னாடி இருக்கிற அந்த ரெண்டு இடத்தை மனசுல வச்சு வாங்கினாங்க. ஆறே மாசத்துல மேனேஜரே இல்ல. வர்றவர் மறுபடி நாலு பேர் டிஃபென்ஸ்னு சொன்னா விங்கர் தேடணும். இந்தச் சுத்துதான் நோய்.

---

கணக்குப்பிள்ளை:

தாஸ் களத்தைச் சொல்லிவிட்டார். நான் ரெண்டாவது கேள்விக்கும் பணத்துக்கும் வருகிறேன்.

புது மேனேஜர் வந்ததும் வெற்றி வருவது நிஜம். அது அவரால் வந்ததா என்பதுதான் சந்தேகம். டச்சு லீக்கை வைத்து பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார ஆய்வாளர் 1986 முதல் 2004 வரையான சீசன்களை எடுத்து ஒரு காரியம் செய்தார். மேனேஜரை அனுப்பிய கிளப்புகளை மட்டும் பார்க்காமல், அதே அளவு சரிவு கண்டும் அனுப்பாமல் இருந்த கிளப்புகளையும் பக்கத்தில் வைத்தார். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரி மீண்டன. காரணம் எளிது. ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்ற பிறகுதான் யாரையும் அனுப்புவார்கள். அந்த ஐந்தில் மோசமான ஆட்டத்தோடு கெட்ட நேரமும் கலந்திருக்கும்: கம்பத்தில் பட்ட பந்து, ரெட் கார்டு, பெரிய டீம்களோடு வரிசையாக ஆட்டம். அடுத்த ஐந்தில் கெட்ட நேரம் தானாகவே குறையும். பேர் மட்டும் புது ஆளுக்குப் போகும்.

லெஸ்டரைப் பாருங்கள். டைட்டில் ஜெயித்து ஒன்பது மாதத்தில், 2017 பிப்ரவரி 23 அன்று ரானியேரியை அனுப்பினார்கள். அதற்கு முன் லீக்கில் தொடர்ந்து ஐந்து தோல்வி. துணையாக இருந்த ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று லீக்கில் தொடர்ந்து ஐந்து வெற்றி! ஆனால் அந்த ஐந்தில் எதிரே நின்றவர்களில் ஹல், சண்டர்லேண்ட் இரண்டும் அந்த வருடமே ரெலிகேட் ஆன, அதாவது கீழ் டிவிஷனுக்கு இறங்கிய டீம்கள். ஜூனில் அவருக்கு மூன்று வருட காண்ட்ராக்ட் கொடுத்தார்கள். அக்டோபரில் அவரையும் அனுப்பினார்கள். பிப்ரவரியில் ஒரு நஷ்ட ஈடு, அக்டோபரில் இன்னொன்று.

நஷ்ட ஈட்டுக்கு அளவு வேண்டுமென்றால், மொரீனியோவும் அவர் கூட்டமும் போனதற்கு யுனைடெட் கணக்கில் எழுதியது 1.96 கோடி பவுண்டு. கான்டேயை மாற்றியதற்கு செல்சி எழுதியது 2.66 கோடி. டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் காண்ட்ராக்டை நீட்டித்து, அக்டோபர் 28ல் அனுப்பியதால் அவருக்கும் உதவியாளர்களுக்கும் 1.04 கோடி. அந்த நீட்டிப்பு இல்லாவிட்டால் கடைசி வருடம்தான் மிச்சம் இருந்திருக்கும், தொகையும் குறைந்திருக்கும். புது ஆளைக் கொண்டுவர அவருடைய பழைய கிளப்புக்கும் அழ வேண்டும்: பாட்டருக்காக செல்சி பிரைட்டனுக்குக் கொடுத்தது 2 கோடி பவுண்டுக்கு மேல்.

ஆனாலும் இது சில்லறை. பெரிய நஷ்டம் ஆட்டக்காரர்களின் விலையில் ஒளிந்திருக்கிறது. வாங்கிய விலையை காண்ட்ராக்ட் வருடங்களால் வகுத்து வருடா வருடம் செலவு எழுதுவார்கள். ஆன்டனிக்கு 2022ல் கொடுத்தது 9.5 கோடி யூரோ, ஐந்து வருடம். வருடத்துக்கு 1.9 கோடி. மூன்று வருடம் கழித்து புத்தகத்தில் மிச்சம் 3.8 கோடி. 2025ல் பெட்டிஸுக்கு விற்றது 2.2 கோடி அளவில். வித்தியாசம் தோராயமாக 1.6 கோடி யூரோ, அந்த வருடக் கணக்கில் நேரடி நஷ்டம். மூன்று வருடத்துக்கு 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்று பிரீமியர் லீக் விதி இருந்த காலத்தில், ஒரு மேனேஜரின் விருப்பத்துக்கு வாங்கி அடுத்தவருக்குப் பிடிக்காமல் போகும் ஒவ்வொரு ஆளும் இப்படி ஒரு ஓட்டை. ஆன்டனி அந்த விலைக்கு ஆடினாரா என்பது வேறு விவாதம், அதற்குள் போகவில்லை.

---

நீலச்சட்டை:

எல்லாரும் யுனைடெட்டையே பேசுறீங்க. செல்சி கணக்கு இடிக்குதே? 2009ல ஹிட்டிங்க் பாதியில வந்து எஃப்.ஏ. கப். 2012 மார்ச்ல வில்லாஸ்-போவாஸை அனுப்பி, டி மத்தேயோ சாம்பியன்ஸ் லீக். 2021 ஜனவரியில லாம்பார்டை அனுப்பி, டூக்கெல் நாலே மாசத்துல சாம்பியன்ஸ் லீக். சண்டர்லேண்ட் கூட வருஷா வருஷம் நடுவுல ஆளை மாத்தித்தான் தப்பிச்சாங்க: டி கானியோ, போயெட், அட்வகாட், அலர்டைஸ். மோயஸை மாத்தாம வச்சிருந்த 2016-17லதான் 24 பாயிண்ட்டோட கடைசியா முடிச்சுக் கீழே போனாங்க. வாட்ஃபோர்டு 2014-15ல ஒரே சீசன்ல நாலு மேனேஜர், பிரீமியர் லீக்குக்கு ஏறினாங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?

---

டச்லைன்_தாஸ்:

நல்ல கேள்வி. ஆனா செல்சியில மாறாம இருந்தது எதுன்னு பாருங்க. 2004லிருந்து 2012 வரைக்கும் செக், டெர்ரி, லாம்பார்ட், ட்ரோக்பா. மேல ஒரே முதலாளி. டிரான்ஸ்பர் வேலை எமனாலோ, கிரனோவ்ஸ்கயான்னு வருஷக்கணக்கா அதே கைகள்ல. டி மத்தேயோ வந்து புதுசா எதுவும் கட்டல. முனிக் ஃபைனல்ல டிஃபென்ஸ் ஆழமா உட்கார்ந்து, 88ஆவது நிமிஷம் ஒரு கார்னர், ட்ரோக்பா தலை. அந்த ஆட்டம் அவங்களுக்கு எட்டு வருஷமாத் தெரிஞ்ச ஆட்டம். மேனேஜர் ஒரு மூடி மாதிரி. பாத்திரம் அப்படியே இருந்துச்சு.

2022ல முதலாளி மாறினார். கிரனோவ்ஸ்கயா போனார், ஆலோசகரா இருந்த செக் போனார். அந்த சீசன் ரெண்டு விண்டோவிலயும் சேர்த்து 50 கோடி பவுண்டுக்கு மேல ஆள் வாங்கினாங்க. டூக்கெல், பாட்டர், மறுபடி லாம்பார்ட். 44 பாயிண்ட், 12ஆவது இடம். மேனேஜரை மாத்துறது அதே பழைய செல்சி பழக்கம்தான். இந்தத் தடவை அடியில இருந்த பாத்திரமும் இல்ல.

சண்டர்லேண்ட் பத்தி நீங்க சொன்னது பாதி. நாலு பேரும் கிடைச்ச விண்டோவுல தன் ஆள்னு சிலரை வாங்கினாங்க. அடுத்தவருக்கு அவங்க வேண்டாதவங்க. நாலு விதமான யோசனைக்கு வாங்கின ஆட்களைக் கலந்து வச்ச டீம் மோயஸ் கைக்கு வந்துச்சு. அடுத்த வருஷம் ரெண்டாவது டிவிஷனான சாம்பியன்ஷிப்லயும் கடைசி. 2018ல மூணாவது டிவிஷன்.

வாட்ஃபோர்டை ஒத்துக்கிறேன். அங்கே ஆளைத் தேர்ந்தெடுக்கிறது முதலாளியான பொட்ஸோ குடும்பம், மேனேஜர் இல்ல. அந்த மாதிரி அமைப்புல மேனேஜர் மாறினா சேதம் குறைவு. ஆனா 2019-20ல ரெண்டு பேரை அனுப்பி, கடைசி ரெண்டு மேட்ச் இருக்கும்போது நைஜல் பியர்சனையும் அனுப்பி, ரெண்டையும் தோத்துக் கீழே போனதும் அவங்கதான்.

---

வடக்கு_லண்டன்:

ஆர்சனலைச் சொல்லாமல் இந்தத் திரி முடியாது. சொல்கிறேன், ஆனால் வழக்கமாகச் சொல்லும் விதத்தில் இல்லை.

மேனேஜராக ஆர்டெட்டா வந்தது 2019 டிசம்பர். 2024-25 வரை சீசன் முடிவுகள்: 8ஆவது இடம், மறுபடி 8ஆவது இடம், 5, 2, 2, 2. பாயிண்ட்டில் 56, 61, 69, 84, 89, 74. 2020 கிறிஸ்துமஸுக்கு டீம் 15ஆவது இடத்தில் இருந்தது, லீக்கில் ஏழு ஆட்டமாக வெற்றியே இல்லை. 2021 ஆகஸ்டில் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி, ஒரு கோல்கூட அடிக்கவில்லை, மூன்றாவது மான்செஸ்டர் சிட்டியிடம் 5-0. பட்டியலில் கடைசி இடம். "பொறுத்தார்கள், பலித்தது" என்று இதைச் சொல்வது சோம்பேறித்தனம். பொறுத்த காலத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம்.

முதல் வேலை, ஆட்களை வெளியேற்றியது. ஓசில், முஸ்டாஃபி, சோக்ரடீஸ், வில்லியன், கோலாசினாக், 2022 பிப்ரவரியில் ஆபமயாங். பெரும்பாலும் காண்ட்ராக்டை முன்கூட்டியே முடித்து, விற்ற பணம் வராமல், சம்பளச் சுமையை மட்டும் இறக்கி வைத்தார்கள். மூன்று மாதத்தில் வேலை போகலாம் என்று பயப்படும் எந்த மேனேஜரும் இதைச் செய்ய மாட்டார். ஆபமயாங் அடுத்த ஞாயிறு ஒரு கோல் அடித்து என் வேலையைக் காப்பாற்றுவாரே என்றுதான் நினைப்பார்.

இரண்டாவது, 2021 கோடையில் வாங்கிய ஆறு பேர்: வைட், ஓடகார்ட், ராம்ஸ்டேல், டோமியாசு, லோகொங்கா, டவாரஸ். ஆறு பேருக்கும் வயது 23 அல்லது அதற்குக் கீழே. அதில் பாதி தேறியது, பாதி தேறவில்லை. பரவாயில்லை, இளைஞன் தேறாவிட்டாலும் விற்க முடியும். அந்த மூன்று தோல்வியும் இந்த ஆறு பேரும் இன்னும் ஒன்றாகக் களத்துக்கு வராத நேரத்தில் நடந்தது என்பதை போர்டு பார்த்தது. கடைசி இடத்தில் இருந்த டீமைப் பார்த்து முடிவெடுக்கவில்லை, வரப்போகும் பதினொரு பேரைப் பார்த்து எடுத்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. வெங்கர் 1996 முதல் 2018 வரை. எல்லா முடிவும் ஒரே தலையில். அவர் போகும் சமயத்தில் கட்டமைப்பு வேண்டுமே என்று ஆள் தேடும் பொறுப்புக்கு மிஸ்லின்டாட்டையும் கால்பந்து நிர்வாகத்துக்கு சான்யேஹியையும் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்த நிர்வாகி கசீடிஸ் மிலானுக்குப் போனார், மிஸ்லின்டாட் 2019ல் போனார், சான்யேஹி 2020ல். நடுவில் மேனேஜராக எமெரி 18 மாதம். 22 வருடம் ஒருவரையே நம்பியதன் பில் அந்த இரண்டு வருடத்தில் வந்தது. ஃபெர்குசன் போனபின் நடந்ததும் இதே பில்தான், தொகை மட்டும் பெரிது.

---

ஸ்ட்ரெட்ஃபோர்டு_சரவணன்:

எல்லாருக்கும் நன்றி. மூணாவது கேள்விக்கு இன்னும் நேரடியா யாரும் வரல. நீங்க போர்டுல உட்கார்ந்திருக்கீங்க, டீம் 10 மேட்ச்ல 8 பாயிண்ட். என்ன பேப்பரை மேஜையில வைக்கச் சொல்வீங்க?

---

கணக்குப்பிள்ளை:

பாயிண்ட் பட்டியலைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

முதலில் பெனால்டி நீக்கிய எக்ஸ்ஜி வித்தியாசம், அதாவது உருவாக்கிய வாய்ப்புகளின் மதிப்பு கழித்தல் கொடுத்த வாய்ப்புகளின் மதிப்பு. பத்து ஆட்டத்துக்குக் கீழே இதை நம்ப மாட்டேன். அது சமமாகவோ மேலாகவோ இருந்து பாயிண்ட் மட்டும் குறைவென்றால் கெட்ட நேரம், பொறுக்கலாம். பத்து ஆட்டமாக அது மாதா மாதம் இறங்கினால் பாயிண்ட் நன்றாக இருந்தாலும் கவலைப்படுவேன். கூடவே எதிரணி யார் யார் என்ற பட்டியல், ரெட் கார்டுக்குப் பின் ஆடிய நிமிடங்கள்.

அடுத்து காயப் பட்டியல். முதல் பதினொருவரில் நான்கு பேர் இல்லாத டீமை வைத்து மேனேஜரை எடைபோட முடியாது. ஆனால் தசைக் காயம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அது பயிற்சிச் சுமையின் தவறு, அப்போது கேள்வி மேனேஜரை நோக்கித்தான்.

மூன்றாவது சம்பளப் பட்டியலில் கிளப்பின் இடம். சம்பளத்தில் 16ஆவதாக இருக்கும் கிளப் 14ஆவது இடத்தில் இருப்பதற்கு யாரையும் அனுப்பக் கூடாது. கேட்கவே சங்கடமாக இருக்கும், ஆனால் பாதி பணிநீக்கம் இந்த ஒரு கணக்கைப் பார்க்காததால் நடக்கிறது.

அப்புறம் ஒரு தாள்: அடுத்தவர் யார்? பெயர், அவர் ஆடும் அமைப்பு, இப்போதைய ஆட்களில் எத்தனை பேர் அதில் பொருந்துவார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வந்தால், கோபத்தை விழுங்கிக்கொண்டு மே மாதம் வரை காத்திருப்பேன்.

2019 அக்டோபர் 25. சவுத்தாம்ப்டன் சொந்த மைதானத்தில் லெஸ்டரிடம் 9-0. ஆட்டத்தின் 12ஆவது நிமிடம் ஒரு ரெட் கார்டு இருந்தது, ஆனாலும் ஒன்பது. மேனேஜர் ஹாசன்ஹூட்டலை வைத்துக்கொண்டார்கள். சீசன் முடிவில் 52 பாயிண்ட், 11ஆவது இடம். அதே கிளப் 2022 நவம்பரில் அவரை அனுப்பி, நேதன் ஜோன்ஸைக் கொண்டுவந்து, 14 ஆட்டத்தில் அவரையும் அனுப்பி, கடைசி இடத்தில் முடித்தது.

---

டச்லைன்_தாஸ்:

கணக்குப்பிள்ளை சொன்ன கடைசித் தாளோட தேதியையும் சேர்த்துக்கோங்க. நான் இதை செப்டம்பர் நோய்னு சொல்வேன்.

2017 செப்டம்பர் 11, கிரிஸ்டல் பேலஸ் டி போயரை அனுப்பினாங்க, நாலு லீக் மேட்ச்ல. 2019 செப்டம்பர் 7, வாட்ஃபோர்டு கிராசியா. 2022 செப்டம்பர் 7, செல்சி டூக்கெல். 2025 செப்டம்பர் 9, நாட்டிங்ஹாம் ஃபாரெஸ்ட் நூனோ. தேதியைப் பார்த்தீங்களா? நாலும் கோடை விண்டோ மூடினதுக்கு அப்புறம். ஜூலை முழுக்க அவர் முறைக்குப் பயிற்சி, ஆகஸ்ட் முழுக்க ஆள் வாங்கிட்டு, வாங்குற வாசல் பூட்டின பிறகு ஓட்டுநரை இறக்கிவிடுறது. புது ஆளுக்கு ஜனவரி வரைக்கும் வேற ஆள் கிடைக்காது, பிரீ-சீசனும் கிடைக்காது.

ஃபாரெஸ்ட்தான் இதுல பாடப்புத்தகம். நூனோ டீம் ஆழமா உட்கார்ந்து, எதிரணியை வரவிட்டு, பந்தைப் பறிச்சதும் வேகமா ஓடுற டீம். வந்தவர் போஸ்டெகோக்லூ. அவரோட டிஃபென்ஸ் நடுக்கோடு பக்கம் நிக்கும், ஃபுல்பேக் ரெண்டு பேரும் உள்ளே வருவாங்க. சொந்த பாக்ஸுக்குள்ள நின்னு தலையால அடிச்சு வெளியேத்தியே பேர் வாங்கின சென்டர்பேக்குகளை, முதுகுக்குப் பின்னாடி 40 மீட்டர் வெட்டவெளியோட நிக்கச் சொன்னா? 8 மேட்ச், ஒரு வெற்றி கூட இல்ல, 39 நாள்ல அனுப்பிட்டாங்க.

நாலுல தப்பிச்சது பேலஸ். ஹாட்ஜ்சன் வந்தும் முதல் மூணு மேட்ச் தோல்விதான், ஏழு ஆட்டம், பாயிண்ட் பூஜ்யம், கோல் பூஜ்யம். அதுல ரெண்டு மான்செஸ்டர் டீம்களோட. ஆனா அவர் கேட்டது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிஞ்ச நாலு-நாலு-ரெண்டு வரிசை. டி போயரோட மூணு பேர் டிஃபென்ஸைக் கழட்டிட்டுப் பழசுக்குத் திரும்பினார். அடுத்த மேட்ச் செல்சியை 2-1ன்னு ஜெயிச்சாங்க, 44 பாயிண்ட்டோட 11ஆவதா முடிச்சாங்க. நடுவுல மாத்தியே ஆகணும்னா, டீமுக்குத் தெரிஞ்ச பாஷை பேசுறவரைத்தான் கொண்டுவரணும்.

---

மெரினா_அரங்கம்:

நம்ம ஊர் கணக்கையும் ஒரு வரி. இந்தியன் சூப்பர் லீக்ல சென்னையின் எஃப்.சி. 2019 டிசம்பர்ல கிரெகரிக்குப் பதிலா ஓவன் காயிலைக் கொண்டுவந்து, அடிமட்டத்திலிருந்து ஃபைனல் வரைக்கும் போனாங்க. காயில் அடுத்த சீசனுக்கு ஜாம்ஷெட்பூர் போயிட்டார். அதுக்கப்புறம் லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச்னு வருஷத்துக்கு ஒருத்தர். மூணு சீசனும் 8ஆவது இடம். 2023ல மறுபடி காயிலையே தேடிப் போய்க் கூட்டிட்டு வந்தாங்க.

---

வடக்கு_லண்டன்:

தாஸ் சொன்ன "தெரிந்த பாஷை" என்பதற்கு இரண்டு உதாரணம் சேர்க்கிறேன்.

ஜெர்மனியில் ஃப்ரைபுர்க். ஃபோல்கர் ஃபின்கே 1991 முதல் 2007 வரை. பிறகு கிளப்பின் யூத் டீம் பயிற்சியாளராக இருந்த ஸ்ட்ரைஷ் 2011 டிசம்பரில் வந்து 2024 வரை. நடுவில் 2015ல் ரெலிகேட் ஆனார்கள், அவரை அனுப்பவில்லை, அடுத்த வருடமே இரண்டாம் டிவிஷனை ஜெயித்து ஏறினார்கள். அவருக்குப் பின் வந்தவர் அதே டீமின் முன்னாள் கேப்டன் ஷுஸ்டர். ரெலிகேஷன் வந்தால் எவ்வளவு வருமானம் குறையும், யார் யாரை விற்க வேண்டும் என்பதை முன்பே எழுதி வைத்திருக்கும் கிளப்புக்குத்தான் இந்தத் தைரியம் வரும். பர்ன்லியும் டைஷை 2015ல் இப்படித்தான் வைத்துக்கொண்டு 2016ல் ஏறியது.

இன்னொன்று ப்ரென்ட்ஃபோர்டு. தாமஸ் ஃப்ராங்க் 2018ல் பொறுப்பேற்றதும் முதல் பத்து ஆட்டத்தில் எட்டுத் தோல்வி. உள்ளே வைத்திருந்த எண்கள் வேறு கதை சொன்னதால் யாரும் அசையவில்லை. 2021ல் பிரீமியர் லீக்குக்கு ஏறினார்கள். 2025ல் அவர் டாட்டன்ஹாமுக்குப் போனபோது வெளியே பெரிய பெயர் தேடவில்லை. செட்பீஸ் கோச்சாக இருந்த கீத் ஆண்ட்ரூஸை உட்கார வைத்தார்கள். அதே கோடையில் கீப்பர் ஃப்ளெக்கன், கேப்டன் நோர்கார்ட், எம்பெமோ, விஸா நாலு பேரும் வெளியே போனார்கள். பயிற்சி மைதானத்தில் த்ரோ-இன்னுக்கு யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் குரல் மட்டும் மாறவில்லை.